துருவ நட்சத்திரம் தெரியாத ஊரில் டெலஸ்கோப்பை நிறுத்துவது எப்படி

புதிதாக டெலஸ்கோப் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு கையேடு இருக்கும். அதில் படம் போட்டு, ஒவ்வொரு திருகுக்கும் எண் கொடுத்து எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, முக்கியமான இடம் வந்ததும் "மவுன்டைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராகத் திருப்பவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மவுன்ட் என்றால் குழாயைத் தாங்கித் திருப்பும் பாகம். நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த்தில். இங்கே விடிய விடிய வாசலில் நின்றாலும் துருவ நட்சத்திரம் தெரியாது, அது எப்போதும் அடிவானத்துக்குக் கீழேயே இருக்கிறது. கையேடு எழுதியவருக்குப் பூமியின் தென்பாதி ஞாபகத்தில் இல்லை, அவ்வளவுதான்.

துருவன் மட்டுமில்லை, அருந்ததிக்கும் இதே கதிதான். நம் கல்யாணங்களில் அம்மி மிதித்து முடித்ததும் ஐயர் வானத்தைக் காட்டி அருந்ததி பார்க்கச் சொல்வார் இல்லையா, அந்த அருந்ததி டர்பனில் மிக உயரமாக ஏறும்போதே வடக்கு அடிவானத்திலிருந்து வெறும் 5 டிகிரி. எதிர் வீட்டுக் கூரை அதை மறைத்துவிடும். ஆக இங்கே கல்யாணம் செய்தவர்கள் அம்மி மிதித்ததோடு சரி.

இந்தக் கட்டுரை முக்காலியில் எதிர் எடையோடு வரும் ஈக்வடோரியல் மவுன்ட் வைத்திருப்பவர்களுக்கு. உங்களிடம் இருப்பது தரையில் வைத்துப் பீரங்கி மாதிரித் திருப்பும் டாப்சோனியன் என்றால் துருவக் கவலையே இல்லை, ஃபைண்டர் பற்றிச் சொல்வதை மட்டும் படித்துவிட்டு வெளியே போய்விடலாம். இன்னும் எதுவுமே வாங்கவில்லை, எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டால் டாப்சோனியன் என்றுதான் சொல்வேன். அதைச் சொன்னால் ஏற்கெனவே ஈக்வடோரியல் வாங்கியவர்களுக்குக் கோபம் வரும், அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

சரி, எதற்காக இந்தத் துருவம்? மாவு அரைக்கும் திருகையை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்கல் சுற்றும்போது அதில் எந்தப் புள்ளியைப் பார்த்தாலும் நடுவில் இருக்கும் முளையைத்தான் சுற்றி வருகிறது. பூமி சுழல்வதால் வானமும் நமக்கு அப்படித்தான் தெரியும், ஒரு முளையைச் சுற்றி மணிக்கு 15 டிகிரி வேகத்தில். மவுன்டில் இருக்கும் ஓர் அச்சை அந்த முளைக்கு நேராக வைத்துவிட்டால், அப்புறம் ஒரே ஒரு குமிழை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் போதும், பார்க்கிற கிரகம் கண்ணை விட்டுப் போகாது. நேராக வைக்கவில்லை என்றால் இரண்டு குமிழையும் மாற்றி மாற்றித் திருப்பவேண்டும், அது இடியாப்பச் சிக்கல். வடக்கே அந்த முளைக்குப் பக்கத்திலேயே துருவன் விளக்கு மாதிரி நிற்கிறான். தெற்கே முளை இருக்கிறது, விளக்குதான் இல்லை.

ஆனால் முதல் நாளே துருவத்தைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். புதியவர்கள் பலரும் டெலஸ்கோப்பை ஒரே வாரத்தில் அலமாரிக்கு மேல் ஏற்றிவிடுவதற்குக் காரணம் துருவம் இல்லை, ஃபைண்டர். குழாயின் முதுகில் ஒட்டிக்கொண்டு, பொருளைத் தேடிப் பிடிப்பதற்கென்று ஒரு குட்டிக் குழாய் இருக்குமே, அதுதான். பெரிய குழாய் வானத்தில் மிகச் சின்னத் துண்டைத்தான் காட்டும். 900 மில்லிமீட்டர் குவியத் தூரம் உள்ள குழாயில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லை, போட்டால் 36 மடங்கு பெருக்கம், அதில் தெரிவது ஏறக்குறைய மூன்று முழுநிலா அகலம். 10 மில்லிமீட்டர் போட்டால் 90 மடங்கு, ஒரு நிலாவுக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவு சின்ன ஓட்டை வழியாகச் சனிக்கிரகத்தைத் துழாவிக் கண்டுபிடிப்பது என்பது வைக்கோல் போரில் ஊசி தேடுவதுதான். என் முதல் இரவில் ஒரு மணி நேரம் தேடி நான் கண்டது பக்கத்து வீட்டு டிவி ஆன்டெனாவை மட்டுமே, அதுவும் தலைகீழாக.

ஃபைண்டரைப் பகலில்தான் சரி செய்யவேண்டும், இரவில் இல்லை. குறைந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளி ஏதாவது கூர்மையான பொருளைப் பாருங்கள். எனக்கு எதிர்மேட்டில் ஒரு செல்போன் டவர், உங்களுக்குக் கோயில் கோபுரத்துக் கலசமாக இருக்கலாம். 25 மில்லிமீட்டர் ஐபீஸைப் போட்டு டவரின் உச்சியை நட்டநடுவில் கொண்டுவந்து இரண்டு அச்சுப் பூட்டையும் இறுக்குங்கள். இப்போது ஃபைண்டரில் பாருங்கள், அதே உச்சி எங்கோ ஓரத்தில் இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. ஃபைண்டரைச் சுற்றியிருக்கும் சின்னத் திருகுகளை ஒன்றைத் தளர்த்தி எதிர்ப்பக்கத்தை இறுக்கி, கம்பிக் குறுக்கு உச்சியில் உட்காரும்வரை நகர்த்துங்கள். பிறகு 10 மில்லிமீட்டர் ஐபீஸைப் போட்டு இன்னொரு முறை. பக்கத்து வீட்டுச் சுவரைக் குறியாக வைத்துச் செய்தால் வேலைக்காகாது, காரணம் பெரிய குழாய்க்கும் ஃபைண்டருக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் இருந்தால் 20 மீட்டர் தூரத்துச் சுவரில் அதுவே கிட்டத்தட்ட அரை டிகிரிப் பிழை, ஒரு முழுநிலா அளவு. ஒரு கிலோமீட்டரில் அந்தப் பிழை ஒன்றுமில்லாமல் கரைந்துபோகும்.

பகலில் வேலை செய்யும்போது ஒரே ஒரு எச்சரிக்கை, இதில் விளையாட்டே வேண்டாம். சூரியன் இருக்கும் பக்கம் குழாயைத் திருப்பாதீர்கள், ஃபைண்டரின் மூடியையும் மறக்காதீர்கள், அதன் வழியாக ஒரு நொடி சூரியனைப் பார்த்தாலும் கண் போய்விடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் டெலஸ்கோப்பைப் பகலில் தனியாக வெளியே விட்டுவிட்டு டீ குடிக்க உள்ளே போகவே கூடாது.

அடுத்தது எடைச் சமன். அச்சுப் பூட்டைத் தளர்த்தி எதிர் எடைக் கம்பியைத் தரைக்குச் சமமாகக் கிடத்துங்கள், குழாய் ஒரு பக்கம், எடை மறுபக்கம். கையை மெல்ல எடுத்தால் தராசு மாதிரி அப்படியே நிற்கவேண்டும். எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பார்த்து எடையை உள்ளேயோ வெளியேயோ நகர்த்துங்கள். குழாயையும் அதன் வளையங்களுக்குள் முன்பின் தள்ளி அதே மாதிரிச் சமன் செய்யுங்கள், ஐபீஸும் ஃபைண்டரும் மாட்டிய பிறகுதான், கழற்றி வைத்துவிட்டு இல்லை.

இனி தெற்கு. இதற்குத் திசைகாட்டியை நம்பினால் டர்பனில் நன்றாக ஏமாந்துபோவீர்கள். இங்கே காந்த ஊசியின் வடமுனை உண்மையான வடக்கிலிருந்து சுமார் 25 டிகிரி மேற்கே விலகி நிற்கிறது. ஊசி காட்டும் தெற்கைப் பார்த்து நின்றால், உண்மையான தெற்கு உங்கள் வலது கைப்பக்கம் 25 டிகிரி தள்ளி இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி, அதாவது இரண்டரை முஷ்டி பிசகு. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும், அங்கே இந்த விலகல் ஓரிரு டிகிரிக்குள் அடங்கிவிடும்.

எனக்குப் பிடித்தது சூரிய நிழல் வழி, செலவே இல்லை. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு மாதிரி ஒரு மீட்டர் நூலில் கனமான நட்டு ஒன்றைக் கட்டித் துணிக்கொடியில் தொங்கவிடுங்கள், நட்டு தரையைத் தொடாமல் மயிரிழையில் நிற்கட்டும். அன்றைய சூரிய உதயம், அஸ்தமனம் இரண்டையும் போனில் பார்த்து நடு நேரத்தைக் கணக்குப் போடுங்கள். காலை 6:51, மாலை 17:05 என்றால் நடு நேரம் 11:58. அந்த நிமிடத்தில் நூலின் நிழல் விழும் கோடுதான் வடக்கு தெற்கு. டர்பன் மகர ரேகைக்குத் தெற்கே இருப்பதால் வருஷம் முழுக்க நண்பகல் சூரியன் வடக்கேதான் இருக்கும், நிழல் எப்போதும் தெற்கே நீளும், குழப்பமே வராது. மொரிசியஸிலோ ரீயூனியனிலோ இதைச் செய்பவர்கள் கவனிக்கவேண்டும், அங்கே டிசம்பர் ஜனவரி வாக்கில் சூரியன் தலைக்குத் தெற்கே போய்விடும், நிழல் வடக்கே விழும்.

நடு நேரம் என்றால் மதியம் 12 மணி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டர்பனில் அது நவம்பர் தொடக்கத்தில் 11:40 வாக்கிலும் பிப்ரவரியில் 12:10 வாக்கிலும் வரும். இன்னொன்று, இந்த வேலையை ஜூன் ஜூலையில் செய்வது நல்லது. ஜூனில் ஒரு மீட்டர் நூலுக்கு 1.3 மீட்டருக்கு மேல் நீளமான நிழல் கிடைக்கும், நிதானமாக நகரும். டிசம்பரில் அதே நூலுக்கு 11 சென்டிமீட்டர் கட்டை நிழல், அதுவும் நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் ஓடும், கோடு போடக் குனிவதற்குள் தெற்கு போய்விடும். நான் கோடு போட எடுத்தது வீட்டிலிருந்த கோலமாவு. அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, இது என்னடா கோணல் கோலம், வாசலில் போடாமல் துணிக்கொடிக்குக் கீழே போட்டிருக்கிறாய் என்றார். கோணல் இல்லைம்மா, இந்தத் தெருவிலேயே நேரான கோடு இதுதான் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கிற மாதிரி இல்லை.

கோடு கிடைத்துவிட்டதா, முக்காலியை அதன் மேல் நிறுத்துங்கள். ரசமட்டம் வைத்துத் தலை சமமாக இருக்கிறதா என்று பாருங்கள், மட்டத்தில் மயிரிழைத் துல்லியம் தேவையில்லை, ஆனால் சாய்வு அளவு சரியாக வர இது உதவும். மவுன்டின் பிரதான அச்சு, அதாவது எதிர் எடைக் கம்பி எதைச் சுற்றிச் சுழல்கிறதோ அது, மேல்நோக்கித் தெற்கே பார்க்கவேண்டும். அதன் சாய்வு உங்கள் ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்கவேண்டும். டர்பனுக்கு 30 டிகிரி, ஜோகன்னஸ்பர்க்குக்கு 26, கேப் டவுனுக்கு 34, மொரிசியஸின் போர்ட் லூயிக்கு 20. ஏன் என்று யோசித்தால் எளிது. பூமத்திய ரேகையில் நின்றால் துருவம் அடிவானத்தில் படுத்திருக்கும், துருவத்திலேயே நின்றால் தலைக்கு நேர் மேலே, நடுவில் எத்தனை டிகிரி நகர்கிறோமோ அத்தனை டிகிரி அது உயரும். மவுன்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எண் பட்டையை மலிவான மாடல்களில் அப்படியே நம்பாதீர்கள், என்னுடையது 3 டிகிரி பொய் சொல்கிறது. போனில் சாய்வு காட்டும் செயலி ஏதாவது போட்டு, குழாயை அச்சுக்கு இணையாகத் திருப்பி, அதன் மேல் போனைப் படுக்கவைத்துப் பாருங்கள்.

இவ்வளவுதான். கண்ணால் பார்ப்பதற்கு இதுவே தாராளம். கோட்டில் 2 டிகிரி தவறியிருந்தால்கூட, குமிழைத் திருப்ப மாட்டிய மோட்டார் ஓடும்போது ஒரு மணி நேரத்தில் கிரகம் அரை டிகிரிதான் விலகும், நடுவில் ஒரு தடவை தட்டிவிட்டால் தீர்ந்தது. இணையத்தில் சிலர் துருவத்தை இம்மி பிசகாமல் பிடிப்பதற்காகப் பாதி ராத்திரியைச் செலவழிக்கிறார்கள், அவர்கள் படம் எடுப்பவர்கள், நாம் இல்லை.

இருட்டிய பிறகு ஒரு சோதனை. தெற்கே தென்சிலுவையைப் பாருங்கள், நம் கதைகளில் இதைத்தான் திரிசங்கு என்பார்கள். பக்கத்தில் வழிகாட்டி மாதிரி இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் இருந்தால் அதுதான் உண்மையான சிலுவை, வானத்தில் போலிச் சிலுவை ஒன்றும் இருக்கிறது, அதற்கு இந்த இரண்டும் பக்கத்தில் இருக்காது. சிலுவையின் நீளமான தண்டைத் தலையிலிருந்து கால் பக்கமாக அளந்து, காலிலிருந்து அதே திசையில் அதைப் போல நாலரை மடங்கு போனால் தென் துருவம். வழிகாட்டி நட்சத்திரங்கள் இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு கோடு இழுத்தால் அதுவும் ஏறக்குறைய அதே இடத்தில் வந்து முட்டும். அந்த இடம் டர்பனில் அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி உயரம். குழாயை அச்சுக்கு இணையாக வைத்தால் அது அந்த வெற்றிடத்தைத்தான் பார்க்கவேண்டும்.

திரிசங்கு மே கடைசி, ஜூன் மாலைகளில் உச்சத்தில் நேராக நிற்பார். நவம்பர் மாலைகளில் அடிவானத்துக்குப் போய்விடுவார், அப்போதுதான் கதையில் சொன்ன மாதிரித் தலைகீழாகத் தொங்குவது, ஆனால் வீடுகளுக்கும் தொழிற்பேட்டை வெளிச்சத்துக்கும் நடுவே அவரைப் பார்க்க முடியாது. அந்த மாதங்களில் தெற்கே உயரத்தில் தனியாக மின்னும் அகெர்னாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது மிக உயரமாக இருக்கும் நேரத்தில் நேர் கீழே மூன்றே கால் முஷ்டி இறங்கினால் துருவம். இருட்டான இடம் என்றால், உதாரணத்துக்கு டிராக்கன்ஸ்பர்க் மலைப்பக்கம் போனால், மாகெல்லன் மேகங்கள் என்ற பக்கத்து நட்சத்திர மண்டலங்கள் இரண்டும் கிழிந்த பஞ்சுத் துண்டு மாதிரித் தெரியும், அவையும் துருவமும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு சமபக்க முக்கோணம். லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டு நடந்த இரவுகளில் சாட்ஸ்வொர்த்திலிருந்தே பால்வீதி தெரிந்தது. ஃப்ரிட்ஜில் பால் கெட்டுப்போனதற்கு அது மட்டுமே ஆறுதல்.

துருவத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரமே இல்லையா என்றால், சிக்மா ஆக்டான்டிஸ் என்று ஒன்று இருக்கிறது, சுமார் ஒரு டிகிரி தள்ளி. ஆனால் வடக்குத் துருவனைவிடச் சுமார் 25 மடங்கு மங்கல், நகர வானத்தில் வெறும் கண்ணுக்கு அகப்படாது. அது இருக்கும் ஆக்டான்ஸ் என்ற விண்மீன் கூட்டத்துக்குப் பெயர் வைத்தவர் லகாய் என்ற பிரெஞ்சு வானியலாளர். 1751, 52இல் கேப் டவுனில் தங்கி ஏறக்குறைய 10,000 தென்வான நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்தார், அந்த ஊர் டேபிள் மலைக்கும் வானத்தில் ஓர் இடம் கொடுத்தார், அப்புறம் மொரிசியஸுக்கும் ரீயூனியனுக்கும் போய்விட்டுத்தான் ஊர் திரும்பினார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவ்வளவையும் அவர் அளந்த டெலஸ்கோப்பின் வாய் அரை அங்குலம், பெருக்கம் 8 மடங்கு. உங்கள் குழாயின் முதுகில் இருக்கும் ஃபைண்டர் அதைவிடப் பெரிது. அடுத்த முறை என் டெலஸ்கோப் சின்னது, ஒன்றும் தெரியவில்லை என்று புலம்பத் தோன்றினால் அந்தக் குட்டிக் குழாயைக் கொஞ்சம் பாருங்கள்.

மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். கட்டுப்பாட்டுப் பெட்டியில் N, S என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், சில சமயம் பேட்டரி மூடிக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். வடக்கைப் பார்த்து நிற்பவருக்கு வானம் துருவத்தைக் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும், தெற்கைப் பார்த்து நிற்கும் நமக்கு முள் போகும் திசையில் சுற்றும். சுவிட்ச் N பக்கம் இருந்தால் மோட்டார் கிரகத்தைத் துரத்துவதற்குப் பதிலாக எதிர்த்திசையில் ஓடும். நான் வாங்கிய முதல் மாதம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. வியாழனை நடுவில் வைத்து, எதிர் வீட்டு அங்கிளைக் கூப்பிட்டு, அவர் கண்ணாடியைக் கழற்றி, குனிந்து, ஒரு கண்ணை மூடுவதற்குள் வியாழன் காணாமல் போகும். மோட்டாரே போடாமல் இருந்தாலும் 90 மடங்கில் அது இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக 2 நிமிடத்துக்கு மேல் ஆகும், நான் மோட்டார் போட்டு அதைப் பாதியாக்கியிருந்தேன். அங்கிள் மரியாதைக்காக மூன்று நாள் "ஆமா தம்பி, பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கோ-டூ வகை, அதாவது பெயரைச் சொன்னால் தானே திரும்பும் வகை என்றால், அது கேட்கும் விவரங்களைச் சரியாகக் கொடுப்பதில்தான் பாதி வேலை. அட்சரேகையில் தெற்கு என்பதைத் தேர்வு செய்யவேண்டும், நேர மண்டலம் +2, கோடைக்கால நேரம் கிடையாது. தேதியைப் பல கருவிகள் மாதம் முதலில், நாள் பிறகு என்று கேட்கும், 5ஆம் தேதி ஜூலையை மே 7 ஆக்கிவிட்டு மெஷின் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போனவர்கள் உண்டு. சரிபார்க்க இரண்டு நட்சத்திரம் கேட்டால் வானத்தில் ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி இருப்பவற்றைக் கொடுங்கள். இங்கத்திய டிசம்பர் ஜனவரிக் கோடையில் அகத்தியர் நட்சத்திரமான கானோபஸ் இதற்கு அருமை, தமிழ்நாட்டில் தெற்கே தாழ்வாகத் தெரியும் அவர் இங்கே வெகு உயரத்தில் வந்து நிற்பார்.

டர்பன் ஈரக்காற்று வேறு பாடாய்ப் படுத்தும். குழாயைப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள், வீட்டுச் சூடு உள்ளே இருக்கும்வரை கிரகம் கானல் நீரில் தெரிவது மாதிரி ஆடும். பிறகு பனி படியும். முன்னால் கண்ணாடி வில்லை உள்ள குழாய்க்கு, பழைய யோகா பாயை வெட்டி வாயைச் சுற்றி ஒரு சாண் நீளக் குழலாகச் சுற்றிவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். படிந்தால் துணியால் துடைக்காதீர்கள், கண்ணாடியில் கீறல் விழும், ஹேர் டிரையரை மிதமான சூட்டில் தள்ளிப் பிடியுங்கள்.

எல்லாம் சரியாக நின்றதா என்று பார்க்க எனக்குப் பிடித்த குறி வழிகாட்டிகளில் பிரகாசமான ஆல்ஃபா சென்டாரி. வெறும் கண்ணுக்கு ஒன்று, 90 மடங்கில் இரண்டாகப் பிரிந்து பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஃபைண்டரில் வைத்ததும் ஐபீஸில் இருக்கிறதா, மோட்டார் போட்டுவிட்டு உள்ளே போய் ஒரு டீ போட்டுத் திரும்பி வரும்போதும் இருக்கிறதா, இருந்தால் வேலை முடிந்தது.

அப்புறம் முக்காலியின் மூன்று காலும் நிற்கும் இடத்தை அன்றைக்கே குறித்து வைத்துவிடுங்கள், அடுத்த முறை ஐந்து நிமிட வேலை. கோலமாவுக் கோடு முதல் மழையிலேயே போய்விட்டது, பாதியை எறும்பும் தின்றது. இப்போது கேட்டுக்கு அடித்து மிச்சமான பச்சை பெயின்ட்டில் மூன்று புள்ளி வைத்திருக்கிறேன், அம்மா அந்த இடத்தைச் சுற்றித்தான் துணி காயப்போடுகிறார்.